டிரைடன் தொகுப்பு: தேர்வு நன்று, தட்டச்சு மோசம்

இங்கிலாந்தில் முடியாட்சி மீண்ட 1660க்குப் பிந்தைய ஆங்கில அறக்கவிதைகளை மட்டும் தொகுத்த சுருள் கம்பிக் கட்டு ஒன்று திருகோணமலை நகரத்துப் போட்டோகொப்பிக் கடையொன்றில் கிடைக்கிறது. ஆங்கில இலக்கியம் எடுக்கும் வெளிவாரிப் பட்ட மாணவர்களை நம்பிப் போட்டது. தேர்வுக்குத் தாராளமாகப் புள்ளி கொடுக்கலாம். தட்டச்சுக்குக் கொடுக்க மனம் வராது.

கவிஞர் டிரைடன் மத நம்பிக்கை பற்றி எழுதிய ‘ரிலிஜியோ லாய்சி’யையும் (1682), அதே காலக் கவிஞர் ரொச்செஸ்டர் பகுத்தறிவையும் மனிதனையும் தாக்கி எழுதிய அங்கதத்தையும் (அச்சில் வந்தது 1679) அடுத்தடுத்து வைத்தது நல்ல மூளை. மனித அறிவு எவ்வளவு தூரம் கூட்டிப்போகும் என்பதே இரண்டிலும் கேள்வி. டிரைடனுக்கு அது நிலா வெளிச்சம். வழி காட்டப் போதாது, அண்ணாந்து பார்க்க வைக்கும். ரொச்செஸ்டருக்குக் கொள்ளிவாய்ப் பேய்; பின்னால் போனவன் சேற்றில் விழுவான். சேர்த்து வாசித்தால் கட்டுரையில் பாதி தானாக வந்துவிடும்.

குறைகள் டிரைடனின் முதல் பதினொரு அடிக்குள்ளேயே தொடங்குகின்றன. இரண்டாம் அடியில் மூலம் ‘வாண்ட்ரிங்’ என்று ஓர் உயிரெழுத்தை விழுங்கி எழுதியிருக்கும். இங்கே அதை ‘வாண்டரிங்’ என்று “திருத்தி” விட்டார்கள். பத்து அசை பதினொன்றாகி அடி நொண்டுகிறது. ஐந்து, ஆறு, ஏழாம் அடிகள் ‘ரே, வே, டே’ என்று மூன்றும் ஒரே இயைபில் முடிபவை. பழைய அச்சில் இப்படியான மூன்றடிகளை வலப்புறம் ஓர் அடைப்பு வளைவு சேர்த்துக் காட்டும். அது இல்லாததால், இரண்டிரண்டாய் எண்ணுகிற பிள்ளை ஓர் அடி விடுபட்டதென்றே நினைக்கும். பதினோராம் அடியில் பன்னிரண்டு அசை வருவது பிழையில்லை, வேண்டுமென்றே நீட்டியது. அதைச் சொல்ல அடிக்குறிப்பு கிடையாது.

டிரைடனின் முன்னுரையையும் வெட்டியிருக்கிறார்கள். சீமோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பழைய ஏற்பாடு பற்றி எழுதிய ஆய்வின் ஆங்கில மொழிபெயர்ப்பே இக்கவிதைக்குத் தூண்டுதல் என்று தெரியாவிட்டால் நடுப்பகுதி விளங்காது.

ரொச்செஸ்டரில் கடைசிப் பகுதி இல்லை. சில பழைய படிகளிலும் இல்லைதான். ஆனால் நேர்மையான அரசவையாளரையோ பணிவான பாதிரியாரையோ காட்டினால் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் என்று அவர் சவால் விடுவது அங்கேதான்.

அட்டையில் லண்டன் படம். மன்னர் இரண்டாம் சார்ள்ஸ் நாடு திரும்பிய அதே 1660இல்தான் ஆங்கிலக் கப்பலோட்டி ரொபர்ட் நொக்ஸ் நம் கொட்டியாரக் குடாவில் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டார். அந்த ஒரு வரி இருந்தால் காலம் மனதில் நின்றிருக்கும்.

வாங்குபவர்கள் கம்பிக்குப் பதில் பிளாஸ்டிக் சுருள் கேளுங்கள். கடற்காற்றுக்குக் கம்பி துருவேறிப் பக்கத்தைக் கறையாக்கும். அடி எண்ணும் இல்லை, ஐந்துக்கு ஒன்றாகப் பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள்.