யூஸ்ட் பிக்அப் ட்ரக்குக்கு டெபாசிட் கட்டப் போறீங்களா? 1,500 டாலர் போன கதைய படிச்சிட்டு கட்டுங்க

செம கடுப்புல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

டெக்சாஸ்ல ஹூஸ்டன் பக்கம் இருக்கோம். டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற சக்கர வீடு) ஒண்ணு இழுக்கணும், சாமான்லாம் ஏத்துனா 7,500 பவுண்டு வரும். ஃபோர்டு எஃப்-150, ஷெவர்லே சில்வராடோ, ராம், டொயோட்டா டண்ட்ரா, நாலு ட்ரக்கையும் அலசினோம். ராம் பின்னாடி காயில் ஸ்பிரிங், சொகுசா போகும், வீட்ல ஓட்டு அதுக்குத்தான், ஆனா கடைசில அது எடுபடல. 2022, 23 டண்ட்ரா எஞ்சினுக்குள்ள மெஷினிங் துகள் தங்கி சுமார் ஒரு லட்சம் வண்டிக்கு ரீகால் (கோளாறுன்னு கம்பெனியே திருப்பிக் கூப்பிட்டு சரி பண்றது), சில்வராடோ 6.2 எஞ்சினுக்கும் 2025ல ரீகால், சரின்னு 2021 எஃப்-150, 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ எஞ்சின்னு முடிவு பண்ணோம்.

வண்டி இருந்தது சான் அன்டோனியோ பக்கம் ஒரு யூஸ்ட் வண்டி டீலர்கிட்ட. சேல்ஸ்மேன் வீடியோ அனுப்பினான் பாருங்க, அதுலதான் நம்பிட்டோம். மண்டி போட்டு ஹிட்ச்ச (டிரெய்லர மாட்டுற கொக்கி) காட்டுறான், டிரெய்லர் லைட்டு, பிரேக்குக்கு கரண்ட் போற 7 பின் பிளக் மூடிய திறந்து காட்டுறான், சீட்டு, சன்ரூஃப் எல்லாம் காட்டுறான், டிரைவர் கதவ திறக்கும்போது மட்டும் கேமரா சர்ருனு மேல போயிடுச்சு. "மேக்ஸ் டோ பேக்கேஜ் சார், 14,000 பவுண்டு இழுக்கும், உங்க டிரெய்லர்லாம் இதுக்கு தூசு"ங்கிறான். மேக்ஸ் டோன்னா கனமான டிரெய்லர் இழுக்க கம்பெனியே போட்டுத் தர்ற செட்டு. 1,500 டாலர் அனுப்புங்க, வெள்ளிக்கிழமை வரைக்கும் யாருக்கும் தரமாட்டோம், பிடிக்கலன்னா முழுசா ரிட்டர்ன்னு மெசேஜ்லயே போட்டான். பேங்க் டிரான்ஸ்ஃபர்ல அனுப்பினோம்.

நேர்ல போய் கதவ திறந்தா அந்த மஞ்ச வெள்ளை ஸ்டிக்கர்ல பேலோடு, அதாவது ஆளு, சாமான், ஹிட்ச் மேல உக்கார்ற வெயிட் எல்லாம் சேர்த்து வண்டி தாங்குறது, 1,390 பவுண்டுன்னு இருக்கு. டிரெய்லர் வெயிட்ல 10லேர்ந்து 15 சதவீதம் ஹிட்ச் மேலதான் உக்காரும், 13னு வச்சாலே 975, நாங்க நாலு பேர் 560, அங்கயே 1,535 ஆச்சு, இன்னும் கூலர் கூட ஏத்தல! அந்த 14,000ங்கிறது குறிப்பிட்ட கேபின், ஆக்சில், பேக்கேஜ் எல்லாம் சேர்ந்த வண்டிக்கு மட்டும். மேக்ஸ் டோன்னா டேஷ்ல டிரெய்லர் பிரேக் கண்ட்ரோலர் (டிரெய்லரோட பிரேக்க வண்டிலேர்ந்து கட்டுப்படுத்துறது) இருக்கணும், இதுல அந்த இடத்துல வெறும் பிளாஸ்டிக் மூடி. கேட்டா "ஸ்டிக்கர்லாம் சும்மா கம்பெனி ஒட்டுறது சார், எல்லாரும் இழுக்கத்தான் செய்றாங்க"ங்கிறான்!! பின்னாடி குழந்தைங்க உக்காந்து வரப்போற வண்டி இது.

வேணாம், 1,500 திருப்பிக் குடுன்னேன். மேனேஜர் லஞ்ச்ல இருக்காராம். அப்புறம் அக்கவுண்ட்ஸ்ல புராசஸ் ஆகுதாம். அப்புறம் போன் எடுத்த பொண்ணு, அது டெபாசிட் இல்ல, "ஹோல்டிங் ஃபீ", ரிட்டர்ன் கிடையாதுங்குது. மெசேஜ ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா அந்த சேல்ஸ்மேன் இப்ப இங்க வேலைல இல்லையாம்! ஆனா நேத்து அவங்க போட்ட புது வீடியோல அதே ஆளு, அதே தொப்பி. பேங்க்ல கேட்டா நீங்களா அனுப்பினது, ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. 1,500 டாலர்ங்க!

நாலு ட்ரக்கையும் ஒப்பிட்டு டேபிள் போட்டு விளக்கமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப அதுக்கு மனசு இல்ல. கதவு ஸ்டிக்கர் போட்டோ வராம சல்லிக்காசு அனுப்பாதீங்க. அனுப்பினாலும் கிரெடிட் கார்டுல மட்டும், டிஸ்பியூட்டாவது போடலாம். வின் நம்பர் (வண்டியோட அடையாள எண்) வாங்கி ரீகால் இருக்கான்னு பாருங்க, அது ஃப்ரீ. வண்டிய வாங்கிட்டு மூணு நாள்ல திருப்பிக் குடுக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, டெக்சாஸ்ல டீலர் லாட்ல வாங்குற காருக்கு அப்படி ஒரு சட்டமே இல்ல.

டெக்சாஸ் டிஎம்வில (மாநில மோட்டார் வாகனத் துறை) கம்ப்ளெயிண்ட் போட்டிருக்கேன். அந்த ட்ரக் இன்னிக்கும் லிஸ்டிங்ல இருக்கு, "மேக்ஸ் டோ"ன்னே போட்டு.