தேக்குப் பலகைத் தரையும் இடுக்கில் நிற்காத மரப்புட்டியும்

வேலூர் கொசப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறைக்குத் தளம் தேக்குப் பலகை. தாத்தா காலத்து வேலை. அதை ஆள் வைக்காமல் நானே தேய்த்து, பியு (பாலியூரித்தேன் வார்னிஷ்) பூசி, கோடையும் மழையும் மாறி மாறிப் பார்த்தாகிவிட்டது. போன வாரம் மரம் தேய்க்கும் சாண்டர் மெஷினுக்கு பேரிங் மாற்றிக்கொண்டு வந்த அன்றே ஆரணியிலிருந்து சித்தி மகள் போன் செய்தாள். "அண்ணா, எங்க மச்சுப் பலகையையும் நாமளே தேய்ச்சிடலாமா?" என்றாள். அவளிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மெஷினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 5 அங்குல வட்ட சாண்டர், ஓர் அறைக்குத் தாராளமாகப் போதும். 60, 80, 120 என்று உப்புத்தாளை நம்பர்படி, கரடானதிலிருந்து நைசானதுக்குப் படிப்படியாக மாற்றிக்கொண்டு போக வேண்டும். அதற்கு முன் ஆணித் தலைகளை உள்ளே தட்டி இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் தாள் கிழிந்துகொண்டே இருக்கும். பழைய வார்னிஷ் மெஷின் சூட்டில் இளகி உப்புத்தாளில் அப்பிக்கொள்ளும். அதனால் ஆசாரிகள் செய்வதுபோல் கனமான கையுறை போட்டுக்கொண்டு கண்ணாடித் துண்டால் முதலில் சுரண்டி எடுத்துவிட்டேன். மாஸ்க் கட்டாயம். தேக்குத் தூள் மூக்கிலும் தொண்டையிலும் எரியும், சிலருக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும்.

பூசுவதற்கு முன் செய்யும் ஒரு வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. தின்னர் தொட்ட துணியால் துடைத்தால்தான் பியு நன்றாகப் பிடிக்கும். துடைக்கத் துடைக்கத் துணியில் பழுப்பாக இறங்கும். அது உலர்ந்ததும் முதல் கோட் பூசுகிறோம் பாருங்கள், அதற்காகவே இத்தனை பாடும் படலாம். தூசி படிந்து வெளிறிக் கிடந்த பலகையில் பிரஷ் போன இடமெல்லாம் தேன் நிறம் எழும்பி வந்தது. ஜன்னலோரப் பலகை ஒன்றில் ரேகைகள் ஒரு கணுவைச் சுற்றி வளைந்து போகின்றன. பிறந்ததிலிருந்து அந்த அறையில் புழங்குகிறேன், அந்தக் கணுவை அன்றுதான் பார்த்தேன். இன்றும் அந்தப் பூச்சு அப்படியே நிற்கிறது. சூடான டம்ளரை வைத்து எடுத்தாலும் அரக்கு பாலிஷில் விழுவதுபோல வெள்ளை வட்டம் விழுவதில்லை. வெறுங்காலோடு நடந்தால் அவ்வளவு சுகம்.

பருவம் முக்கியம். நான் தை, மாசியில் விடியற்காலையில் பூசினேன். அக்னி நட்சத்திரத்தில், வேலூர் 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது பூசினால் மேலே ஆடை கட்டி உள்ளே குமிழ் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசினால் காயவே காயாது.

சரி, இப்போது புட்டிக்கு வருகிறேன். பலகைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகளை அடைக்க, விரிசல் விடாது என்று டப்பாவிலேயே அச்சடித்த மரப்புட்டி ஒன்றைக் கடையில் கொடுத்தார்கள். அந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. மரம் நீளத்தில் அநேகமாக அசையாது, அகலத்தில் அசையும். மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும், கோடையில் சுருங்கும். தேக்கு மற்ற பல மரங்களைவிடக் குறைவாகவே அசையும் என்றாலும், அகலமான பலகையாக இருந்தால் அந்தக் குறைவே போதும். தையில் வைத்த புட்டி சித்திரையில் ஒரு பக்கம் விட்டுப் போனது. ஆவணி, ஐப்பசியில் பலகை உப்பி நெருக்கியதும் நொறுங்கியது. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்துப் பார்த்தேன், அதுவும் அப்படியே.

தரைத்தளமாக இருந்தால் பெருக்கித் தள்ளிவிடலாம். எங்களுக்கு இது கீழ் அறையின் கூரை. மேலே யாராவது நடந்தால் கீழே உதிர்கிறது. அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது முறத்தில் விழுகிறது. மிளகு அளவு துணுக்கு, பழுப்பு நிறம். புழுங்கலரிசிக்கு நடுவே கண்ணில் படாது, பல்லில்தான் படும். அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. முறத்தோடு எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் பியு மீது குறையில்லை, மெஷின் மீது குறையில்லை, மரத்தின் மீது இல்லவே இல்லை. அந்தத் தரையைக் காட்டாமல் வீட்டுக்கு வந்த யாரையும் நான் அனுப்பியதும் இல்லை. ஆனாலும் சித்தி மகளிடம், "வேணாம்மா, ஆசாரியைக் கூப்பிடு" என்றுதான் சொன்னேன். ஆசாரி வந்தாலும் இதே புட்டியைத்தான் வைப்பார் என்பது தெரியும். அன்று காலை இட்லித் தட்டில் ஒரு துணுக்கு கிடந்தது. வேறு பதில் வாயில் வரவில்லை.

இப்போது ஜன்னலோரத்து இடுக்குகளில் மட்டும் புட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, சணல் கயிற்றை வார்னிஷில் நனைத்து உளியின் பின்பக்கத்தால் தட்டி இறக்கியிருக்கிறேன். கயிறு மரத்தோடு கொஞ்சம் விரிந்து சுருங்கும், நொறுங்காது. இந்தக் கோடையில் இதுவரை எதுவும் உதிரவில்லை. கார்த்திகை முடிந்த பிறகுதான் மற்ற இடுக்குகளில் கை வைப்பேன். அதற்குள் கயிறு பிதுங்கி மேலே வந்தால் அதையும் பிடுங்கிவிட்டு, கீழ் அறையில் பலகைக்கு அடியில் துணி கட்டிவிடப் போகிறேன்.