கற்பூரம், நீலகிரித் தைலம், மூடிய டிரம்: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

தர்மபுரியானாலும் கிருஷ்ணகிரியானாலும் நாட்டு மருந்துக் கடையில் நீலகிரித் தைலமும் கட்டிக் கற்பூரமும் கிடைத்துவிடும். பிளாஸ்டிக் சாமான் கடையில் ரிங் லாக் போட்ட 60 லிட்டர் நீல டிரம் இருக்கும். சாமானை டிரம்மில் போட்டு, தைலம் அல்லது கற்பூரத்தின் ஆவியோடு மூடி வைத்துப் பூச்சியைக் கொல்வதுதான் வழி. பூச்சி விழுந்த கம்பளி, பட்டுப் புடவை, ராமபாணப் பூச்சி அரித்த புத்தகங்களுக்கு இவ்வளவே போதும். உளுத்த முறம், கூடைக்குப் பாதி பலன்தான். சாப்பிடும் தானியத்துக்கு இந்த வழியே கூடாது.

மூன்றில் டிரம்முக்குத்தான் முதல் மதிப்பெண். தைலத்தை அதிகம் ஊற்றினால் ஆவியும் அதிகமாகும் என்பது தப்புக் கணக்கு. 25 டிகிரி வெப்பத்தில் 60 லிட்டர் காற்று தாங்கும் கற்பூர ஆவி அரை கிராமைக்கூடத் தொடாது. நீலகிரித் தைலமானால் சுமார் ஒரு மில்லி. அதற்கு மேல் வைப்பதெல்லாம் துணி உறிஞ்சுவதற்கும் மூடி வழியே கசிவதற்கும் ஈடு கட்டத்தான். 10 கிராம் கற்பூரம் அல்லது 5 மில்லி தைலம் தாராளம். மூடி சரியில்லாவிட்டால் அரை லிட்டர் ஊற்றியும் பயனில்லை. வாங்கும்போதே மூடியின் ரப்பர் வளையம் விரிசல் விடாமல் முழுதாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மருந்து வைத்து மூடிய மறுநாள் டிரம் பக்கம் போனாலே வாசனை தூக்கினால் கசிகிறது என்று பொருள். மூடியைச் சுற்றி அகலமான டேப் ஒட்ட வேண்டும். பழைய ட்ரங்குப் பெட்டி கீல் பக்கமே ஓட்டை, இதற்கு உதவாது.

தைலத்தில் கலப்படம் உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒருநாள் வையுங்கள். நல்ல தைலம் கறையே தெரியாமல் காய்ந்துவிடும், எண்ணெய் கலந்தது பிசுக்காக நிற்கும். கற்பூரத்தைக் கொளுத்தினால் சாம்பல் மிஞ்சக் கூடாது.

துணியை முதலில் உதறி, வெயிலில் காய வைத்து, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். முட்டையும் புழுவும் பாதி இதிலேயே போய்விடும். டிரம்மில் தளர்வாக அடுக்குங்கள். இறுக்கித் திணித்தால் நடுவில் ஆவி ஏறாது. தைலம் நனைத்த பஞ்சை எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து, துணிமேல் படாதபடி எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். பட்டில் தைலம் நேராகப் பட்டால் கறை படியலாம். தெர்மாகோல் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது, கரைந்து ஒட்டிக்கொள்ளும். ஏழு நாள் மூடியே இருக்கட்டும். ஓசூரில் மார்கழிக் குளிரென்றால் பத்து நாள். குளிரில் ஆவியும் குறையும், பூச்சி மூச்சு விடுவதும் குறையும்.

பறக்கும் பூச்சியும் வெளியில் திரியும் புழுவும் சாகும். முட்டையும் கூட்டுப்புழுவும் பெரும்பாலும் தப்பும். அதனால் இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு சுற்று கட்டாயம். ஒரே தடவையில் தீர்ந்துவிடும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

மூங்கில் முறத்தில் மாவு மாதிரித் தூள் கொட்டினால் புழு உள்ளே துளையில் இருக்கிறது. ஆவி அவ்வளவு தூரம் போவது கடினம். சின்னச் சாமானை பாலிதீனில் இறுகக் கட்டி டீப் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைப்பது நிச்சயமான வழி. மூட்டைப்பூச்சிக்கும் இந்த டிரம் வேண்டாம், ஐம்பது டிகிரிச் சூட்டுக்குத்தான் அது அடங்கும்.

வசம்புத் துண்டு கொல்லாது. சுத்தம் செய்த துணியில் பூச்சி மறுபடி அண்டாமல் இருக்க முடிச்சாகப் போட்டு வைக்கலாம். பாச்சை உருண்டையும் கற்பூரமும் ஒரே பெட்டியில் வேண்டவே வேண்டாம். ஒன்றோடொன்று பட்டால் நம் ஊர் வெயிலில் இரண்டும் உருகி நீராகித் துணியைக் கறையாக்கும். பாச்சை உருண்டை வைத்த துணியில் கைக்குழந்தையைச் சுற்றுவதும் ஆபத்து. ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடுள்ள குழந்தைக்கு ரத்தச் சிவப்பணு சிதையும். கற்பூரமும் தைலமும் குழந்தை வாயில் போனால் வலிப்பு வரலாம், எட்டாத இடத்தில் வையுங்கள். டிரம்மைத் திறக்கும்போது பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

துவரை, கொள்ளு, அவரைக்கு வெயிலே போதும். கறுப்புத் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பாலிதீனைப் போர்த்தி, ஓரத்தில் கல் வைத்து உச்சி வெயிலில் சில மணி நேரம் விடுங்கள். உள்ளே சூடு 55 டிகிரியைத் தாண்டினால் வண்டு சாகும். ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி வையுங்கள். நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து கிளம்பும் வாயு ஆளையே கொல்லும். விதைக்கு எடுத்து வைத்ததையும் தைல ஆவியில் மூடாதீர்கள், முளைப்பு குறையும்.

தைலம் போட்ட நீல டிரம்மில் பிறகு தண்ணீரோ ராகியோ வைக்க முடியாது. பிளாஸ்டிக் வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் போகாது. துணிக்கென்றே தனியாக ஒன்று வாங்குங்கள்.