ட்ரூயிடும் அந்த அரை மணித்தியாலமும்

வெள்ளவத்தையில் இருக்கும் நண்பன் போன கிழமை வாட்ஸ்அப்பில் கேட்டான்: "மச்சான், உங்கட ஒஃபிஸ்ல ட்ரூயிட்தானே? எங்கட இடத்திலயும் போடலாமா எண்டு கதைக்கினம். டேட்டா உள்ளுக்கு எடுக்கிறது பெரிய வேலையா?" வாட்ஸ்அப்பில் பதில் எழுதத் தொடங்கி அது நீண்டுகொண்டே போனதால் இங்கே போடுகிறேன்.

அப்பாச்சி ட்ரூயிட் என்பது வந்துகொண்டே இருக்கும் தரவை உடனுக்குடன் கூட்டிக் காட்டும் ஒரு தரவுத்தளம். அதே வகையான கிளிக்ஹவுஸ் நல்லதா இது நல்லதா என்பதற்குள் போகப்போவதில்லை. எங்கள் பாவனை இவ்வளவுதான்: கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள சாப்பாட்டுக் கடைகளின் பில்கள் காஃப்கா என்ற செய்தி வரிசைக்கு வந்து விழும். ட்ரூயிட் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். தெஹிவளைக் கடையில் கொத்து ரொட்டி எத்தனை போனது என்பது சில நொடிகளில் திரையில் தெரியும். இரண்டு வருடத்துக்கு மேலாக ஓடுகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபம் வந்துவிடும்.

பிரவுசரில் 8888 போர்ட்டைத் திறந்தால் வரும் அந்த 'லோட் டேட்டா' திரை அருமையானது. காஃப்கா முகவரியையும் டாபிக் (அதில் பில்கள் வந்து சேரும் பிரிவு) பெயரையும் கொடுத்த உடனேயே உண்மையான சில வரிகளை இழுத்து வந்து காட்டும். அடுத்த படியில் ஜேசன் வடிவில் இருக்கும் அந்த வரிகளைப் பிரித்து நிரல் நிரலாக (கொலம்) அடுக்கும். அதற்கடுத்து, எந்த நிரலை நேரமாக எடுப்பது என்று கேட்கும். நீங்கள் எதை மாற்றினாலும் அதே வரிகள் கண்முன்னே மாறும். கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே ஸ்பெக்காக (எப்படி ஏற்றுவது என்று சொல்லும் அமைப்புக் கோப்பு) வந்து நிற்கும், அதைத் தூக்கி கிட்டில் (கோப்புகளின் பதிப்புகளைக் காக்கும் இடம்) போட்டுவிடலாம். வேறு இடங்களில் இதே வேலைக்கு இருட்டில் ஸ்கிரிப்ட் எழுதிப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொன்று, எந்த இடம்வரை வாசித்தோம் என்ற காஃப்கா ஆஃப்செட்டை அது செக்மென்ட் (தரவைப் பிரித்து வைக்கும் துண்டு) விவரங்களோடு சேர்த்தே தன் மெட்டாடேட்டாவில் எழுதி வைக்கிறது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க கரண்ட் போனதே, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்றார்களே, அன்றைக்கு எங்கள் யூபிஎஸ்ஸும் கையை விரித்துவிட்டது. கரண்ட் வந்து எல்லாம் எழும்பியதும், ட்ரூயிட்டுக்குள் ஏற்றத்தைக் கவனிக்கும் சூப்பர்வைசர் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது. ஒரு பில் இரண்டு தடவை ஏறவில்லை, ஒன்றும் விடுபடவுமில்லை. யாரும் ஒரு கட்டளைகூட அடிக்கவில்லை.

சரி, இப்போது நேரத்துக்கு வருவோம்.

ட்ரூயிட் எல்லா நேரத்தையும் யூடிசியில்தான் (உலகப் பொது நேரம், இலங்கை அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால்) வைத்துக்கொள்கிறது. அது சரியான முடிவுதான், ஆவணத்திலும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. ஆனால் எங்கள் கடை மெஷின்கள் பில் நேரத்தை '23:45:00' என்று, எந்த ஊர் நேரம் என்று சொல்லாமல் அனுப்புபவை. ட்ரூயிட் அதை யூடிசி என்றே எடுத்துக்கொள்ளும். அதாவது இப்போது விழுந்த பில், ஐந்தரை மணித்தியாலம் கழித்து வரப்போகும் பில் ஆகிவிடும். 'ஏர்லி மெசேஜ் ரிஜெக்ஷன் பீரியட்' என்று ஒரு செட்டிங் உண்டு. எதிர்காலத் திகதியோடு வரும் குப்பையைத் தடுக்க அதை ஒரு மணித்தியாலத்துக்கு வைத்திருந்தால், அந்த பில்கள் எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். பிழை என்றும் காட்டாது. புள்ளிவிவரத்தில் 'த்ரோன் அவே' என்ற எண் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும், அதைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். இதற்கு மருந்து எளிது: டிரான்ஸ்ஃபார்ம் பகுதியில் 'டைம்ஸ்டாம்ப் பார்ஸ்' ஃபங்ஷனைப் போட்டு, கடைசியில் 'ஏசியா/கொழும்பு' என்று கொடுத்துவிட வேண்டும். முடிந்தது.

இது கண்ணுக்குத் தெரிந்த தொல்லை. தெரியாதது இன்னொன்று.

எங்களுக்கு ஸ்பெக் எழுதித் தந்தவர் வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர். இடம் மிச்சப்படுத்த ரோலப் (ஒரே நேரப் பெட்டிக்குள் வரும் பில்களைக் கூட்டி ஒரே வரியாக்குவது) போட்டு, குவெரி கிரானுலாரிட்டியை (அந்தப் பெட்டியின் அளவு) 'ஹவர்' என்று வைத்துவிட்டுப் போனார். அவர் ஊரில் அது சரியாகவே வேலை செய்திருக்கும், ஏனென்றால் அந்த ஊர் யூடிசியிலிருந்து முழு மணித்தியாலக் கணக்கில் தள்ளியிருக்கிறது. நாங்கள் ஐந்தரை. யூடிசியின் 18 மணி இங்கே இரவு 11.30, 19 மணி என்றால் 12.30. எங்கள் நள்ளிரவு அந்தப் பெட்டியின் நட்டநடுவில் கிடக்கிறது. இரவு 12.15க்கு விற்ற கொத்து, உள்ளே போகும்போதே 11.30 என்று வெட்டப்பட்டு முதல் நாள் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும்.

கொழும்பில் அந்த அரை மணித்தியாலம் ஒன்றும் செத்த நேரமில்லை. வெள்ளி, சனி இரவுகளில் கல்லில் தகடு அடிக்கும் சத்தம் ஓய்வதே அதற்குப் பிறகுதான்.

கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா, "தம்பி, உங்கட திரையில இருக்கிற சனிக்கிழமைக் காசும் கடைப் பெட்டியில இருக்கிற காசும் பொருந்தேல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரணம், மாதக் கூட்டுத்தொகை ஏறக்குறையச் சரியாக வந்தது. ஒவ்வொரு நாளும் தன் முதல் அரை மணித்தியாலத்தை நேற்றைக்குக் கொடுத்துவிட்டு நாளையிடமிருந்து அதே அளவு வாங்கிக்கொள்கிறது. மாதத்தின் இரண்டு ஓரங்களில் மட்டும்தான் வித்தியாசம் மிஞ்சும். நாள் கணக்கு பிழைத்து மாதக் கணக்கு சரியாக வந்தால் சந்தேகம் யார் மேல் போகும்? காசாளர் பிள்ளைகள் மேல்தான் போனது. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதுதான்.

இதில் கொடுமை, தரவிடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல்லில் நேர வலயத்தைக் கொழும்பு என்று கொடுத்தாலும் பிரயோசனமில்லை. ரோலப் ஆன தரவில் அந்த நிமிடங்களே கிடையாது. கொத்தின பிறகு ரொட்டியை முழுசாகத் திருப்பி எடுக்க ஏலாது. காஃப்காவில் பழசு மிச்சம் இருந்தால் திரும்ப ஏற்றலாம், ஆனால் அதன் இயல்பான தக்கவைப்பு 7 நாள். அதற்கு முந்தியதை ஒவ்வொரு கடையின் பில் கோப்பிலிருந்தும் தோண்டி எடுத்துத்தான் ஏற்றினோம்.

1996 மே மாதம் மின்சாரம் மிச்சம்பிடிக்க என்று இலங்கை நேரத்தை ஆறரைக்குத் தள்ளினார்கள், ஒக்டோபரில் ஆறுக்கு இறக்கினார்கள். 2006 சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு மறுபடி ஐந்தரைக்கு வந்தோம். அந்த ஆறு மணித்தியாலக் காலத்தில் 'ஹவர்' என்று போட்டிருந்தால் ஒரு சிக்கலும் வந்திருக்காது. என்ன செய்வது, ட்ரூயிட் பிறந்ததே 2011இல்.

நிவாரணம் ஒரு சொல்தான். 'ஹவர்' இருந்த இடத்தில் 'தேர்ட்டி மினிட்' என்று போடுங்கள். நாங்கள் 'ஃபிஃப்டீன் மினிட்' போட்டோம், நேபாளம்போல ஐந்தே முக்கால் கணக்கு வந்தாலும் தாங்கும். வரிகள் கூடின, டிஸ்க் கொஞ்சம் கூடுதலாகத் தின்கிறது, கேள்விகளின் வேகத்தில் வித்தியாசம் உணரவில்லை. புதிய ஸ்பெக்கைச் சமர்ப்பித்தால் சூப்பர்வைசர் பழைய டாஸ்க்குகளை ஒழுங்காக முடித்துவிட்டு அதே ஆஃப்செட்டிலிருந்து தொடர்கிறது. அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. செக்மென்ட்டுகள் இன்னும் கொழும்பு நேரம் காலை 5.30க்குத்தான் நாள் மாறுகின்றன. அது கணக்கைக் கெடுப்பதில்லை, விட்டுவிட்டேன்.

ஆனால் அந்த அழகான திரை, வரிக்கு வரி மாற்றத்தைக் காட்டும் திரை, 12.15 பில் 11.30க்குப் போவதையும் காட்டத்தான் செய்கிறது. 18:00 என்றும் பின்னால் ஒரு 'இசட்' (யூடிசிக்கான குறி) என்றும் காட்டுகிறது. அதைப் பார்த்து மனதுக்குள் ஐந்தரையைக் கூட்டி, அடடா இது நேற்றாயிற்றே என்று கண்டுபிடிக்க எத்தனை பேரால் முடியும்? பக்கத்தில் உள்ளூர் நேரம் என்று ஒரு நிரல் போட்டால் குறைந்தா போய்விடும்?

ஆகவே மச்சான், உன் கேள்விக்குப் பதில்: போட வேண்டாம். உங்களிடம் இருப்பது நாலைந்து கடை, போஸ்ட்கிரெஸ் போன்ற சாதாரணத் தரவுத்தளமே தாராளம். நாங்கள் கழற்றப் போகிறோமா என்றால், இல்லை, இவ்வளவு வேகமும் கரண்ட் போனாலும் பிசகாத ஏற்றமும் வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. இதையெல்லாம் வாசித்த பிறகும் உங்கள் மேலாளர் போடத்தான் வேண்டும் என்று நின்றால், டாபிக்குக்குள் முதலில் அனுப்பும் சோதனை பில்லின் நேரம் மாதம் பிறக்கும் முதல் திகதி இரவு 12.15 ஆக இருக்கட்டும். அது எந்த மாதத்தில் போய் விழுகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு கோல் எடு.