சின்ன டார்ச்சில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க: பாட்டா, 555-ஆ, ஆப்-ஆம்பா, மைக்ரோகண்ட்ரோலரா?

கடையில் வாங்கும் சின்ன டார்ச்சுகளில் மூன்று, நான்கு நிலைதான் இருக்கும். ஒன்று கண்ணைக் கூசும், அடுத்தது போதாது. நடுவில் எங்கேயாவது நிறுத்த வேண்டுமென்றால் நாமேதான் கழற்றிக் கைவைக்க வேண்டும். அதற்கு நான்கு வழிகள் உண்டு. நான்கையும் ஒரே டார்ச்சில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும் என்பதால் கான்வாய் எஸ்2+ மாடலை எடுத்துக்கொள்கிறேன். ஒரு 18650 செல் (திரும்பச் சார்ஜ் செய்யும் லித்தியம் செல்), ஒல்லியான அலுமினியக் குழாய், வாலில் கிளிக் ஸ்விட்ச், தலைக்குள் 17 மி.மீ. வட்ட டிரைவர் பலகை (எல்இடிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்). அதன் பழைய, பரவலான பதிப்பில் கரண்டை அளவாக விடும் ஏஎம்சி7135 சிப்கள் எட்டு இருக்கும். ஒன்றுக்கு 350 மில்லிஆம்பியர், மொத்தம் 2.8 ஆம்பியர். எட்டையும் ஆட்டிவைப்பது ஏடிடைனி13ஏ என்ற குட்டி மைக்ரோகண்ட்ரோலர், அதாவது புரோகிராம் எழுதி இயக்கும் சிப்.

முழு வெளிச்சத்தில் எந்த வழிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. போட்டியெல்லாம் அடிமட்டத்தில்தான். நம் கண் அப்படி: முழு ஒளியில் சுமார் 18 சதவீதம் வந்தாலே அது பாதி வெளிச்சமாகத் தெரியும். ஆக, கண்ணுக்குத் தெரியும் ஏற்ற இறக்கத்தில் பாதி, அந்த முதல் 18 சதவீதத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. நடுராத்திரியில் பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பாமல் தண்ணீர் குடிக்கப் போக 2, 3 மில்லிஆம்பியர் போதும். அந்த இடத்தை எது நன்றாகக் கையாளுகிறதோ அதுதான் நல்ல வழி.

முதல் வழி, எல்இடிக்குத் தொடராக ஒரு பாட், அதாவது குமிழைத் திருப்பி மின்தடையை மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பெட்டி போல இருந்த பழைய ஃபேன் ரெகுலேட்டரும் மின்தடையை வைத்து இதே வேலையைத்தான் செய்தது, அதுபோலவே இதுவும் சுடும். ஆனால் 'பாட் வைத்தால் மின்சாரம் வீண்' என்று பலர் சொல்வது பாதிதான் சரி. எல்இடியில் 100 மில்லிஆம்பியர் ஓடினால் பேட்டரியிலிருந்தும் அதே 100தான் போகிறது. 7135 சிப் வைத்தாலும் கணக்கு அதுவே, மிச்ச வோல்ட்டேஜ் இங்கே பாட்டில் சூடாகிறது, அங்கே சிப்பில். உண்மையான சிக்கல் வேறு. கால் வாட் பாட், 100 ஓம் என்றால், அது தாங்குவது 50 மில்லிஆம்பியர்தான். குமிழைக் கடைசிவரை திருப்பினால் மொத்தக் கரண்டும் கார்பன் பட்டையின் ஓர் ஓரத்தில் பாயும், அந்த ஓரம் கருகும். போதாக்குறைக்கு, 100 ஓமில் சுமார் 13 மில்லிஆம்பியர், 50 ஓமில் 26, 10 ஓமுக்கு வந்தால் 120 பக்கம். அதாவது குமிழின் பெரும்பகுதியில் ஒன்றும் மாறாது, கடைசி விரற்கடையில் எல்லாம் மாறும். செல் 4.2 வோல்ட்டிலிருந்து இறங்க இறங்க வெளிச்சமும் கூடவே இறங்கும். எஸ்2+ டிரைவரை அப்படியே விட்டு வாலில் பாட் வைத்தாலும் ஆகாது, மைக்ரோகண்ட்ரோலருக்கு வோல்ட்டேஜ் குறைந்து குழம்பிவிடும். டிரைவரைக் கழற்றி எறிய வேண்டும்.

இருந்தும் இதற்கு ஒரு பெரிய சாதகம். வாலுக்கும் தலைக்கும் நடுவில் செல்லையும் குழாயையும் தவிர வேறு கம்பி கிடையாது. வாலில் வைத்துத் திருப்பக்கூடிய ஒரே கட்டுப்பாடு தொடர் பாட் மட்டும்தான். அடுத்து வரும் இரண்டுக்கும் குமிழ் தலையில்தான் இருக்க முடியும். அலுமினியத்தைத் துளைக்க வேண்டும், துளைத்தால் மழை உள்ளே போகும்.

555 என்ற டைமர் சிப்பை வைத்து பிடபிள்யூஎம் செய்வது இரண்டாவது: எல்இடியை வேகமாகப் போட்டுப் போட்டு அணைத்து, எரியும் நேரத்தின் பங்கை மாற்றி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது. எலெக்ட்ரானிக்ஸ் கற்றவர்கள் கை தானாகவே இதற்குப் போகும். சாதாரண என்இ555-க்கு குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும், ஒற்றை லித்தியம் செல்லில் அது கிடைக்கவே கிடைக்காது. சிமாஸ் வகையான 7555 அல்லது டிஎல்சி555 வாங்குங்கள், 2 வோல்ட்டிலேயே ஓடும். எல்இடியைப் போட்டு அணைக்கும் ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட்டிலும் இதே கவனம் தேவை. ஐஆர்எஃப்இசட்44 எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆனால் 'கேட்' என்ற அதன் கட்டுப்பாட்டுக் காலில் 3.5 வோல்ட் கொடுத்தால் முழுதாகத் திறக்காது. ஏஓ3400 போன்ற, குறைந்த வோல்ட்டேஜிலேயே திறக்கும் லாஜிக் லெவல் வகை வேண்டும். 100கே பாட், இரண்டு 1என்4148 டயோடு, 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர் என்ற வழக்கமான கூட்டணி சுமார் 1.4 கிலோஹெர்ட்ஸ் தரும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் மொபைல் கேமராவைத் திறந்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஊரும். கெப்பாசிட்டரை 1 நானோவாக்கினால் 14 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போய்விடும், அந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். கெப்பாசிட்டரை 100 நானோவாகப் போட்டவர்கள் குழாய்த் தண்ணீரில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள், ஒழுகும் நீர் மணிமணியாகத் தெரியும்! குமிழ் விஷயத்தில் இது முதல் வழிக்கு நேர்மாறு: முதல் கால் திருப்பிலேயே கண்ணுக்குப் பாதிக்கு மேல் கூடிவிடும், மீதி முக்கால் சுற்றில் மெதுவாக நகரும்.

பிடபிள்யூஎம்முக்கு இன்னொரு இழப்பும் உண்டு. குறைந்த கரண்டில் எல்இடியின் திறன் அதிகம். 280 மில்லிஆம்பியரைத் தொடர்ச்சியாகக் கொடுத்தால் வரும் ஒளி, 2.8 ஆம்பியரைப் பத்தில் ஒரு பங்கு நேரம் கொடுத்தால் வருவதைவிட அதிகம். செல் இரண்டிலும் ஒரே அளவுதான் தீரும். பதிலுக்கு நிறம் மாறாது. தொடர்ச்சியான கரண்டைக் குறைத்தால் சில எல்இடிகள் லேசாகப் பச்சையடிக்கும்.

மூன்றாவது, ஆப்-ஆம்ப் (இரண்டு வோல்ட்டேஜின் வித்தியாசத்தைப் பெருக்கும் சிப்), மாஸ்ஃபெட், கரண்டை அளக்க 0.05 ஓம் சென்ஸ் ரெசிஸ்டர். பாட் ஒரு சிறு வோல்ட்டேஜைக் கொடுக்கும், ஆப்-ஆம்ப் அதற்கேற்ற கரண்டைப் பிடித்துவைக்கும். துடிப்பே இல்லாத சுத்தமான வெளிச்சம். எனக்கு மனசுக்குப் பிடித்தது இதுதான், ஆனால் அடிமட்டத்தில் பலர் கைவிடுவதும் இங்கேதான். 0.05 ஓமில் 2 மில்லிஆம்பியர் ஓடினால் கிடைப்பது வெறும் 100 மைக்ரோவோல்ட். எல்எம்358 என்ற ஆப்-ஆம்பின் ஆஃப்செட்டே, அதாவது அதன் உள்ளேயே இருக்கும் பிழை வோல்ட்டேஜே, சில மில்லிவோல்ட். அதனால் ஒன்று, குமிழைப் பூஜ்யத்தில் வைத்தாலும் டார்ச் பல பத்து மில்லிஆம்பியரில் எரிந்துகொண்டே இருக்கும், அல்லது கொஞ்ச தூரம் திருப்பும்வரை எரியவே எரியாது. எது என்பது கையில் மாட்டிய சிப்பைப் பொறுத்தது. போதாததற்கு அதன் வெளியீடு சப்ளைக்கு ஒன்றரை வோல்ட் கீழேயே நின்றுவிடும், மாஸ்ஃபெட்டுக்கு அது பற்றாது. ஓபிஏ333 என்ற துல்லியமான ஆப்-ஆம்பைப் போட்டால் ஆஃப்செட் அதிகபட்சம் 10 மைக்ரோவோல்ட், கரண்டுக் கணக்கில் 0.2 மில்லிஆம்பியர். விலை கூடுதல்தான், ஆனால் வேலை முடிந்தது. மாஸ்ஃபெட்டை மட்டும் உடம்போடு ஒட்டி வையுங்கள், 1 ஆம்பியரில் சுமார் ஒரு வாட் அதில்தான் சூடாகிறது.

கடைசி வழி எதையும் துளைக்கச் சொல்லாதது: இருக்கும் ஏடிடைனி13ஏ-யிலேயே புரோகிராமை மாற்றுவது. யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமரும் எட்டுக் கால் கிளிப்பும் போதும். போட்டவுடன் வெளிச்சம் தானாக ஏறும், வேண்டிய இடத்தில் ஸ்விட்சை அரை அழுத்து அழுத்தினால் அங்கேயே நிற்கும். வாலில் அழுத்தினால் சிப்புக்கு மின்சாரமே போய்விடுமே, அது எப்படி நினைவில் வைக்கும்? அதன் 64 பைட் ராம் நொடியின் ஒரு பகுதிவரை அழியாமல் தாக்குப்பிடிக்கும். உயிர் வந்ததும் அந்த பைட்டுகள் அப்படியே இருந்தால் 'குட்டி அழுத்து', குப்பையாகியிருந்தால் 'புதிதாகப் போட்டது'. ஆண்டுரில் என்ற பிரபலமான டார்ச் புரோகிராம் இதில் ஏறாது, அதற்கு இந்தச் சிப்பின் 1 கிலோபைட் இடம் போதாது, தனி எலெக்ட்ரானிக் ஸ்விட்சும் வேண்டும்.

'தொடர்ச்சி' என்பது இங்கே கொஞ்சம் பொய். 8 பிட்டில், அதாவது 255 படிகளில், 1-இலிருந்து 2-க்குப் போவது இரட்டிப்பு, அந்தத் தாவல் கண்ணில் தெரியும். எட்டு 7135-உம் மைக்ரோகண்ட்ரோலரின் ஒரே காலில் இருந்தால் கீழ்ப்படியே 11 மில்லிஆம்பியர். ஒரு 7135-இன் விடிடி (மின்சாரம் வாங்கும்) காலை மட்டும் பலகையிலிருந்து தூக்கி மைக்ரோகண்ட்ரோலரின் இன்னொரு காலுக்கு ஒரு மெல்லிய கம்பி இழுத்துவிட்டால் படி 1.4 மில்லிஆம்பியராகும். 350 வரை அந்த ஒன்று, மேலே போனால் மற்ற ஏழும் சேரும். மிகச் சிறிய துடிப்புக்கு 7135 விழித்துக்கொள்ளாது, அடியில் மட்டும் பிடபிள்யூஎம் வேகத்தைக் குறைக்க வேண்டும். படிகளை மும்மடி வளைவில் அட்டவணையாக எழுதிவைத்தால் ஏற்றம் கண்ணுக்குச் சீராக இருக்கும். குமிழில் இது நடக்காது.

ஆகவே எஸ்2+ மாதிரி இடமில்லாத டார்ச்சுக்கு என் ஓட்டு ஒன்றும் ஏழுமாகப் பிரித்த மைக்ரோகண்ட்ரோலருக்குத்தான். குமிழ் வைக்கத் தலையில் இடமுள்ள, மழையில் நனையாத மேசை விளக்கு, படுக்கை விளக்கு என்றால் ஓபிஏ333. 555 கற்றுக்கொள்ள நல்லது, அவ்வளவுதான். தொடர் பாட்டை 20, 30 மில்லிஆம்பியர் எல்இடிக்கு மேல் நம்ப வேண்டாம்.

செல் விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மைக்ரோகண்ட்ரோலர் வோல்ட்டேஜை அளந்து 3 வோல்ட் பக்கம் வந்ததும் அணைத்துவிடும். மற்ற மூன்றும் செல்லைக் கண்டுகொள்ளாது, காலி செய்யும்வரை உறிஞ்சும். அவற்றுக்குப் பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள 18650தான் போட வேண்டும். அது சாதாரண செல்லைவிட மூன்று, நான்கு மி.மீ. நீளம், வாங்கும் முன் குழாயை அளந்துகொள்ளுங்கள்.