மூலக்கடை பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்: ஆக்ஸிஜன் சென்சார் வேலைக்கு நம்பிப் போகலாம், வண்டி நிறுத்தத்தான் இடமில்லை

செக் எஞ்சின் லைட் எரிகிறது, ஸ்கேன் போட்டால் ஆக்ஸிஜன் சென்சார் (புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று பார்க்கிற உறுப்பு) என்று வருகிறது, எங்கே போகலாம் என்று பெரம்பூர், வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கத்து ஆட்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். மூலக்கடையிலிருந்து மாதவரம் போகிற வழியில் உள்ளடங்கிய ஒரு சந்தில் இருக்கிற இந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். பலகை கிடையாது, ஸ்கேனர் பாய் கடை என்று கேட்டால் முனையில் இருக்கிற டீக்கடையில் கை காட்டுவார்கள். அஞ்சுக்கு நாலு ஸ்டார் தருகிறேன், அந்த ஒன்று ஏன் குறைந்தது என்பது கீழே இருக்கிறது.

என் வண்டி 2016 மாடல் பெட்ரோல், பிஎஸ்4, திருவொற்றியூரில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் வெயிலிலும் உப்புக்காற்றிலும் நிற்கிற வண்டி. லிட்டருக்குப் பதினாறு கொடுத்துக்கொண்டிருந்தது பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது, சிக்னலில் நின்றால் பெட்ரோல் வாடை, அப்புறம் அந்த மஞ்சள் லைட். ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் காட்டினேன், பெயர் வேண்டாம். கம்ப்யூட்டரை மாட்டினார்கள், பி0135, பி0420 என்று இரண்டு கோடு (கோளாறைச் சொல்கிற எண்) வந்தது, பத்து நிமிடத்தில் எஸ்டிமேட் பேப்பர் கைக்கு வந்துவிட்டது: புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அதற்கு முன்னால் இருக்கிற சென்சார், பின்னால் இருக்கிற சென்சார், மூன்றையும் மாற்ற வேண்டும். தொகை ஐம்பதாயிரத்தைத் தொட்டது. வண்டிக்கு அடியில் ஒருத்தர்கூடக் குனிந்து பார்க்கவில்லை.

பாயிடம் அந்தப் பேப்பரைக் காட்டியபோது அவர் தொகையைப் பார்க்கவில்லை, கோடு நம்பரை மட்டும் பார்த்தார். "கோடு வந்தா பார்ட்டு பூட்ச்சுன்னு அர்த்தம் இல்ல சார், அந்த லைன்ல இன்னாவோ ஒண்ணு சரியில்லன்னு அர்த்தம்" என்றார். பி0135 என்பது முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டும்தான் சொல்கிறது. பியூஸ் போயிருக்கலாம், ஒயரை எலி கடித்திருக்கலாம், மழைத்தண்ணீர் ஏறி கப்ளரில் (ஒயர் சேருகிற பிளக்கில்) பச்சை பூத்திருக்கலாம், சென்சாரே செத்தும் இருக்கலாம். வருஷா வருஷம் முட்டியளவு தண்ணீர் நிற்கிற நம்ம ஏரியாவில் அந்த மூன்றாவது ரொம்ப சகஜமாம்.

அவர் பார்த்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. முதலில் பியூஸ், நன்றாக இருந்தது. அடுத்து முன் சென்சாரின் கப்ளரைக் கழற்றி, சாவியைப் போட்டு, வண்டிப் பக்கத்து ஒயரில் மல்டிமீட்டரை வைத்தார், 12 வோல்ட் வந்தது. ஆக, கரண்ட் அதுவரைக்கும் வருகிறது. பிறகு சென்சார் பக்கத்தில் ஹீட்டருக்குப் போகிற ஒரே நிறத்து ஒயர்கள் இரண்டில் ஓம் வைத்துப் பார்த்தார், மீட்டர் அசையவே இல்லை. அதோடு விட்டிருந்தாலே போதும், ஆனால் "ஒப்பிட்டுப் பாத்துக்குங்க" என்று அடியில் படுத்து பின் சென்சாரின் கப்ளரையும் கழற்றி அளந்து காட்டினார். அது பத்து ஓமுக்குள் காட்டியது, நல்ல ஹீட்டர் அப்படித்தான் காட்டுமாம். முன்னது உள்ளே அறுந்துவிட்டது, பின்னது நன்றாக இருக்கிறது, இதற்கு மேல் விவாதமே கிடையாது.

ஹீட்டர் போனதற்கும் மைலேஜுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். வழக்கமான சென்சாருக்குள் இருப்பது சிர்க்கோனியா என்கிற ஒரு வகை பீங்கான், அது கிட்டத்தட்ட 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சூடானதும் புகையில் ஆக்ஸிஜன் குறைவாக இருந்தால் 0.9 வோல்ட் பக்கம் போகும், அதிகமாக இருந்தால் 0.1 பக்கம் இறங்கும், இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் இசியு (எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டிக் குறைத்து 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்கிற கணக்கில் நிறுத்தப் பார்க்கிறது. 1976இல் பாஷ் கம்பெனி செய்து வால்வோ காரில் முதன்முதலாக வந்தபோது இதில் ஹீட்டரே கிடையாது, புகையின் சூட்டை நம்பித்தான் ஓடியது, ஹீட்டர் வைத்தது எண்பதுகளில்தான். ஹீட்டர் செத்தால் மறுபடியும் அந்தக் கால நிலைமைதான், ஹைவேயில் ஓரளவு சமாளிக்கும், கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் எண்ணூர் ரோட்டில் அரை மணி நேரம் நகர்ந்துகொண்டிருந்தால் சென்சார் ஆறிவிடும், இசியு அதை நம்பாமல் மனப்பாடக் கணக்கில் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றும். வாடை, மைலேஜ், இரண்டுக்கும் காரணம் அதுதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இப்போதெல்லாம் வண்டியில் எது கெட்டாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் இசியு கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் விடும், மைலேஜ் கொஞ்சம் குறையும், அது உண்மை. ஆனால் பதினாறு பன்னிரண்டாவது அதனால் இல்லை.

சரி, பி0420? கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்கிற கோடு அது. பாய் சொன்ன விஷயம் சர்வீஸ் சென்டரில் யாரும் யோசிக்காதது: முன் சென்சார் கோளாறு என்று இசியுவுக்குத் தெரிந்துவிட்டால் பல வண்டிகளில் கன்வெர்ட்டர் சோதனையே ஓடாது, அதனால் இந்தக் கோடு பழைய கோடாக இருக்கலாம், காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். தேடினார். எஞ்சின் ஆறியிருந்தபோது ஸ்டார்ட் செய்து, கடைத் தம்பி ஈரத்துணியை மடித்து சைலன்சர் வாயில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, இவர் சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு ஜாயிண்டாக அடித்துக்கொண்டே வந்தார். பின் சென்சாருக்குச் சற்று முன்னால் இருக்கிற ஃபிளேஞ்சில் (இரண்டு பைப்பைச் சேர்க்கிற தட்டில்) குபுகுபுவென்று நுரை. டார்ச் அடித்துப் பார்த்தால் துரு தின்ற விளிம்பு, பக்கத்தில் விரல் அகலத்துக்குக் கரிக்கோடு. அந்த ஓட்டை வழியாகப் புகை வெளியே வருவது மட்டுமில்லை, புகை விட்டு விட்டு வருவதால் இடையில் வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும், அந்தக் காற்றைப் பார்த்துப் பின் சென்சார் குழம்பி கன்வெர்ட்டர் போச்சு என்று இசியு முடிவு கட்டும். கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சென்சாரை நீங்களே வாங்கி வந்தாலும் மாட்டித் தருகிறார், இது எல்லாக் கடையிலும் நடக்காது. பழைய சென்சாரின் உடம்பில் இருக்கிற பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு ஜிபி ரோட்டுக்குப் போனேன். புதுப்பேட்டையில் பழைய சென்சார் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்குத் தெரியும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று கப்ளர் இல்லாமல் வெறும் ஒயரோடு ஒன்று விற்கிறார்கள், அதையும் பாய் வேண்டாம் என்றார். வேறு வழியில்லாமல் போட்டால்கூட ஒயரைச் சால்டர் வைக்கக் கூடாது, கிரிம்ப்தான் (நசுக்கிப் பிடிக்கிற இணைப்பு) பண்ண வேண்டும், ஏனென்றால் இந்த வகை சென்சார்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்று வேண்டும், அது ஒயர் இழைகளுக்கு நடுவே இருக்கிற சந்து வழியாகத்தான் உள்ளே போகிறது. கப்ளரில் கிரீஸ் அப்பக் கூடாது என்பதும் அதனால்தான்.

கழற்றுகிற வேலையில்தான் பாதி பேர் சென்சார் பூட்டுகிற மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகை வருகிற குழாய்) மரையைக் காலி செய்கிறார்கள். இவர் முந்தின நாள் சாயங்காலமே துரு நீக்கும் ஆயிலை அடித்துவிட்டு வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். மறுநாள் எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, ஒயர் வெளியே வர பக்கவாட்டில் வெட்டு இருக்கிற 22 நம்பர் சாக்கெட்டைப் போட்டு, கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்பப் பூட்டி, மறுபடி கழற்றி என்று பொறுமையாக எடுத்தார், ஒரு கிறீச் சத்தம்கூடப் பெரிதாக இல்லை. வெளியே வந்த சென்சாரின் மூக்கு முழுக்கக் காய்ந்த கரி, பெட்ரோல் அதிகமாக எரிந்ததற்கு அடையாளம். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் கூலண்ட் கசிவையோ, யாராவது அப்பிய சிலிக்கான் பேஸ்ட்டையோ சந்தேகப்பட வேண்டுமாம், அதைச் சரி செய்யாமல் புது சென்சார் போட்டால் அதுவும் கொஞ்ச நாளில் போய்விடும். மரைக்கு 18 மில்லிமீட்டர் மரை வெட்டும் டேப் ஒன்றைக் கையாலேயே ஓட்டிச் சுத்தம் செய்தார். புது சென்சாரின் மரையில் பேஸ்ட் ஏற்கெனவே தடவித்தான் வருகிறது, மூக்கின் மேல் இருக்கிற பிளாஸ்டிக் மூடியைக் கடைசி நொடியில்தான் எடுத்தார், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முறுக்குகிற ஸ்பேனர்) வைத்துத்தான் முறுக்கினார். ஃபிளேஞ்சை உரசிச் சமப்படுத்திப் புது கேஸ்கெட்டும் போல்ட்டும் போட்டாயிற்று.

பிறகு அந்தக் கோளாறு கோடுகளை அழித்துவிட்டு, மாதவரம் 200 அடி ரோட்டில் ஒரு ரவுண்டு. ஸ்கேனரை என் கையில் கொடுத்து இரண்டு சென்சார்களின் கிராஃபையும் பார்க்கச் சொன்னார். முன் சென்சாரின் கிராஃப் மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருந்தது, அப்படித்தான் இருக்க வேண்டும். பின் சென்சாரின் கிராஃப் 0.7 வோல்ட் பக்கத்தில் அசையாமல் கிடந்தது. முன்னது மாதிரியே பின்னதும் குதித்தால்தான் கன்வெர்ட்டர் போனதாக அர்த்தம், ஆக முப்பதாயிரத்துக்கு மேல் எஸ்டிமேட் போட்ட கன்வெர்ட்டர் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. லைட் இதுவரை திரும்பி வரவில்லை, மைலேஜ் பழைய நிலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. புகை டெஸ்ட்டிலும் கார்பன் மோனாக்ஸைடு பிஎஸ்4 வண்டிக்கு இருக்கிற 0.3 சதவீத வரம்புக்குள் தாராளமாக வந்தது.

செலவு: செக் செய்ததற்கு 600, சென்சார் 3,400, கேஸ்கெட்டும் போல்ட்டும் 350, லேபர் 900. செக் செய்ய தனியாகக் காசா என்று என் முன்னாலேயே ஒருத்தர் சண்டை போட்டுவிட்டுப் போனார். அந்த 600தான் இந்தக் கடையில் உருப்படியான செலவு என்பேன், சும்மா பார்த்துத் தருகிறேன் என்கிறவர் அதைப் பார்ட்டில் எடுத்துக்கொள்வார்.

இப்போது அந்த ஒரு ஸ்டார். சந்தில் இரண்டு வண்டி நின்றாலே மூன்றாவது ரோட்டில்தான், தண்ணி லாரி வந்தால் யாருடையது என்று கத்துவார்கள், நீங்கள் ஓடி வந்து எடுக்க வேண்டும். பாய் வேலையில் இருந்தால் போன் எடுக்க மாட்டார், திரும்பவும் கூப்பிட மாட்டார். சாயங்காலம் ரெடி என்றால் மறுநாள் காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் என்று கேட்டால் நோட்டுப் புத்தகத் தாளில் எழுதித் தருகிறார், ஆபீஸில் காட்டிக் காசு வாங்குகிறவர்களுக்கு அது உதவாது. சென்சாருக்கு வாரண்டி வாங்கின கடையில்தான், டப்பாவையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள், மாட்டின வேலையில் குறை இருந்தால் மட்டும் இவர் காசு வாங்காமல் பார்ப்பார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் போக வேண்டாம், ஞாயிறு பாதி நாள் திறந்திருக்கிறது, ஜிபே உண்டு.