மொய்னாவுக்கு ஐந்து நட்சத்திரம், பச்சைத் தண்ணீர் பாட்டிலுக்கு ஒன்று

மொட்டைமாடியில் பைட்டர் மீன் வளர்க்கிறேன். குஞ்சுகளுக்கு உயிர் இரை வேண்டும் என்று போன மாதம் கொளத்தூரில் ஒரு கடைக்குப் போனேன். மொய்னா என்ற குட்டி நீர்ப்பூச்சி, பாக்கெட் 80 ரூபாய். அதற்குத் தீனி என்று பாசி வளர்ந்து பச்சையான தண்ணீர் ஒரு லிட்டர், 60 ரூபாய்.

மொய்னாவில் குறையே சொல்ல முடியாது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கவர் முழுக்கத் துள்ளல். அடியில் செத்தது மிகக் கொஞ்சம். சைக்ளாப்ஸ் என்ற இன்னொரு குட்டி நீர்ப்பூச்சியும் நாலைந்து இலவசமாக வந்திருந்தன.

இரண்டு டப்பில் பிரித்து விட்டேன். ஒன்றுக்கு ஸ்பைருலினா தூளும் ஒரு சிட்டிகை ஈஸ்ட்டும். இன்னொன்றுக்கு தினம் ஒரு டம்ளர் பாட்டில் தண்ணீர். நாலாம் நாள் முதல் டப்பில் மேகம் மாதிரி கூட்டம். இரண்டாவதில் விரல் விட்டு எண்ணலாம். மிஞ்சியவையும் சிறுத்துப்போய், முதுகுப் பையில் ஒரு முட்டைகூட இல்லாமல் கிடந்தன. சைக்ளாப்ஸ் மட்டும் ஜாலியாக நீந்திக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் பாட்டிலைக் கவனித்தேன். அசையாமல் வைத்திருந்ததில் பச்சை முழுக்க மேலே ஏறி, கழுத்தில் பெயின்ட் போல ஒட்டியிருந்தது. மொய்னாவுக்கு ஏற்ற குளோரெல்லா என்ற பச்சைப் பாசி அப்படி மிதக்காது, விட்டால் அடியில்தான் படியும். கல்லூரியில் விலங்கியல் நடத்தும் பக்கத்து வீட்டு அக்கா ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, "தம்பி, இது மைக்ரோசிஸ்டிஸ்டா" என்றார். அது ஒரு நீலப்பச்சைப் பாசி. வழவழப்பான கூழுக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள். செல்லுக்குள் காற்றறைகள் இருப்பதால்தான் மிதக்கிறதாம்.

மொய்னா, அதன் சொந்தமான டாப்னியா எல்லாம் தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுபவை. வாய்க்கு வருவதைப் பொறுக்கிப் பார்க்கத் தெரியாது. பெரிய கட்டிகள் வடிகட்டியை அடைக்கும். உதிரி செல்கள் உள்ளே போனாலும், உடம்பு வளரவும் முட்டை போடவும் தேவையான ஸ்டீரால் என்ற கொழுப்புச் சத்து அதில் கிடையாது. போதாததற்கு மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு வேறு. எல்லா மைக்ரோசிஸ்டிஸும் அதைச் சுரப்பதில்லை; எது சுரக்கும் என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் தெரியாது. சைக்ளாப்ஸ் ஒவ்வொன்றாகப் பிடித்து, பிடிக்காததைத் தள்ளிவிடும், அதனால்தான் தப்பித்தது. நஞ்சு தின்ற மொய்னா வழியாகக் குஞ்சுக்கும் போகலாம் என்பதால் அந்த டப்பை அப்படியே கொட்டிவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், முதல் டப்புக்குப் போட்ட ஸ்பைருலினாவும் நீலப்பச்சைப் பாசிதான். நஞ்சில்லாத ஜாதி.

அக்கா இன்னொன்றும் சொன்னார். ஐரோப்பாவில் கான்ஸ்டன்ஸ் ஏரியின் அடிச்சேற்றில் பல்லாண்டு உறங்கிய டாப்னியா முட்டைகளைப் பொரிக்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1999இல் வெளிவந்த ஆய்வு. நீலப்பச்சைப் பாசி பெருகிய காலத்து முட்டையிலிருந்து வந்தவை, அதற்கு முந்தைய காலத்தவற்றைவிட அந்த நச்சுத் தீனியை நன்றாகவே தாங்கினவாம். சரி, என் டப்புக்கு அவ்வளவு காலம் ஏது?

கடைக்காரரிடம் பாட்டிலைக் காட்டினேன். "ஏரியில மொண்டதுதாண்ணே, பச்சையா இருந்துச்சு" என்றார். சண்டை போடவில்லை, அவரே இன்னொரு மொய்னா பாக்கெட்டைச் சும்மா கொடுத்தார். மொய்னாவுக்கு மறுபடியும் அங்கேதான் போவேன். பச்சைத் தண்ணீர் மட்டும் வாங்காதீர்கள். வாங்கியே ஆகவேண்டும் என்றால், ஒரு ராத்திரி அசையாமல் வைத்து, காலையில் பாட்டில் கழுத்தைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.